எட்டு ரூபாய்க் கணக்கு

அங்கன்வாடிக் குழந்தை ஒன்றின் ஒரு நாள் உணவுக்கு அரசு கட்டியிருக்கும் தொகை 8 ரூபாய். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 9 ரூபாய் 50 காசு. கடும் ஊட்டக்குறைவில் இருக்கும் குழந்தைக்கு 12 ரூபாய். 2017இல் போட்ட கட்டு இது. அதற்கு முன் 6, 7, 9 என்று இருந்தது. 2025 பிப்ரவரி பட்ஜெட் உரையில் இந்தத் தொகைகள் தக்கபடி உயர்த்தப்படும் என்று நிர்மலா சீதாராமன் சொன்னார். எவ்வளவு உயரும் என்பது உரையில் இல்லை. 2017க்கும் 2025க்கும் நடுவில் துவரம் பருப்பும் எண்ணெயும் எங்கே போய் நின்றன என்பது மளிகைக் கடைக்குப் போகும் எல்லோருக்கும் தெரியும்.

அந்த எட்டும் முழுதாக டெல்லியிலிருந்து வருவதில்லை. உணவுச் செலவில் பாதிக்குப் பாதி: நாலு ரூபாய் மத்திய அரசு, நாலு ரூபாய் மாநிலம். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு மட்டும் 90க்கு 10. வருடத்துக்கு 300 நாள், மாதத்துக்கு 25 நாள் என்று கணக்கு. அப்படிப் பார்த்தால் ஒரு குழந்தைக்கு வருடம் 2,400 ரூபாய், அதில் டெல்லியின் பங்கு 1,200. நாமக்கல்லில் முட்டையின் பண்ணை விலையே பல மாதங்களில் 5 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. அதாவது ஒரு முட்டை வைத்தால் அன்றைய எட்டில் மூணுதான் மிஞ்சும். தமிழ்நாடு வாரம் 3 முட்டை போடுகிறது என்றால், மாநிலம் தன் பங்குக்கு மேலே கை வைத்துப் போடுகிறது என்று அர்த்தம். அரிசியும் கோதுமையும் மத்தியத் தொகுப்பிலிருந்து சலுகை விலையில் வருவதால்தான் மீதிக் கணக்கு ஓடுகிறது.

தட்டில் என்ன விழுகிறது என்று பார்ப்போம். இரண்டு வயதைத் தாண்டி மையத்துக்கு வரும் குழந்தைக்குக் காலையில் சத்துமாவு உருண்டையோ கொழுக்கட்டையோ சுமார் 50 கிராம்: 190 கலோரி, புரதம் 5 கிராம் சொச்சம். மதியம் 80 கிராம் அரிசி: 280 கலோரி, ஐந்தரை கிராம் புரதம். 10 கிராம் பருப்பு: 33 கலோரி, 2 கிராம் புரதம். தாளிக்க இரண்டு மூன்று கிராம் எண்ணெய், அது ஒரு 20 கலோரி. கூட்டினால் 520 கலோரி, பன்னிரண்டு பதிமூன்று கிராம் புரதம். 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்பது 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம். ஆக, முட்டை இல்லாத நாளிலும் சட்டத்தின் கோட்டைத் தொட்டுவிடுகிறது. முட்டை நாளில் புரதம் 18, 19 கிராமுக்கு ஏறுகிறது. அந்த முட்டை 45 முதல் 52 கிராமுக்குள் இருந்தால்தான் இந்த ஏற்றம். 38 கிராம் குட்டி முட்டை வந்து இறங்கினால் தட்டில் முட்டை இருக்கும், ரிஜிஸ்டரில் முட்டை இருக்கும், புரதத்தில் நாலில் ஒரு பங்கு இருக்காது. ஒரு அட்டையை அப்படியே தராசில் வைத்து அட்டையின் எடையைக் கழித்தால் 30 முட்டைக்கு ஒன்றரைக் கிலோ சுற்றி வர வேண்டும். 1 கிலோ 350க்குக் கீழே போனால் இறக்கியவரிடம் அப்போதே கேட்டுவிட வேண்டும். அடுத்த நாள் கேட்பதில் பயனில்லை.

இப்படிப் பார்த்தால் மையத்தில் நடக்கும் உணவு மோசமில்லை. தமிழ்நாட்டில் அது அநேகமாக நன்றாகவே நடக்கிறது. 1982 ஜூலை 1ஆம் தேதி திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்திலிருந்து, பிள்ளைக்கு மதியச் சோறு போடுவது இங்கே எந்தக் கட்சிக்கும் கைவிட முடியாத காரியமாகிவிட்டது. 54,439 மையங்கள் இருக்கின்றன, சமைக்க ஆயா இருக்கிறார், கூப்பிட்டால் பிள்ளைகள் வருகிறார்கள்.

ஆனால் ஊட்டக்குறைவு மூணு வயதில் பிடிக்கிற நோய் இல்லை. ஆறாம் மாதத்துக்கும் இரண்டாம் பிறந்தநாளுக்கும் நடுவில், வீட்டுக்குள், யாரும் பார்க்காத இடத்தில் பிடிக்கிறது. உயரத்தில் விட்டதை அதற்குப் பிறகு முழுசாகப் பிடிப்பது அரிது. பணத்தின் பெரும்பகுதியும் கண்காணிப்பும் எண்ணிக்கையும் மையத்தின் தட்டைச் சுற்றியே நிற்கின்றன. என் வாதம் இந்தப் பொருத்தமின்மை பற்றியதுதான்.

முதலில் மொத்தப் பணம். 1975 அக்டோபர் 2இல் 33 வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம், இன்று வேறு சில திட்டங்களோடு சேர்ந்து ‘சக்‌ஷம் அங்கன்வாடி, போஷன் 2.0’ என்ற பெயரில் இருக்கிறது. 2023-24 பட்ஜெட்டில் இதற்கு 20,554 கோடி, அடுத்த வருடம் 21,200 கோடி, 2025-26இல் 21,960 கோடி. பயனாளிகள் 8 கோடிக் குழந்தைகள், 1 கோடித் தாய்மார்கள் என்கிறது அதே பட்ஜெட் உரை. வகுத்துப் பாருங்கள். தலைக்கு வருடம் 2,440 ரூபாய். 300 நாளால் வகுத்தால் நாளைக்கு 8 ரூபாய் 13 காசு. உணவு மட்டுமில்லை, ஊழியரின் மதிப்பூதியத்தில் மத்தியப் பங்கு, கைபேசி, தராசு, பயிற்சி எல்லாம் இதற்குள் வர வேண்டும்.

2015-16இல் இதைவிடப் பெரிய அடி விழுந்தது. பதினான்காவது நிதிக்குழு மத்திய வரியில் மாநிலங்களின் பங்கை 32 சதவீதத்திலிருந்து 42க்கு ஏற்றியது. மாநிலத்துக்குத்தான் கூடுதல் பணம் போகிறதே என்று, 18,000 கோடிக்கு மேல் இருந்த இந்தத் திட்டத்தின் ஒதுக்கீட்டை டெல்லி 8,300 கோடிச் சொச்சமாக வெட்டியது. கூச்சல் எழுந்த பிறகு வருட நடுவில் ஏற்றிக் கொடுத்தார்கள். சொந்த வருவாய் உள்ள மாநிலங்கள் தாங்கிக்கொண்டன. மற்றவை ஊழியர் சம்பளத்தைக் கொடுக்கவே திணறின. வரிப்பங்காக வரும் பணத்தில் முத்திரை கிடையாது. சாலைக்கும் போகலாம், பாலத்துக்கும் போகலாம். ஆறு மாதக் குழந்தைக்காகச் செயலகத்தில் வந்து நிற்க ஆளில்லை.

ஊழியர் கணக்கும் இதே கதைதான். அங்கன்வாடிப் பணியாளருக்கு மத்திய அரசு கணக்கிடும் மதிப்பூதியம் 2018 அக்டோபர் முதல் மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. அதில் டெல்லி தருவது 60 சதவீதம், அதாவது பணியாளருக்கு 2,700. தமிழ்நாடு சிறப்புக் காலமுறை ஊதியமாக 7,700 முதல் 24,200 வரை கொடுக்கிறது. மேலே போகும் ஒவ்வொரு ரூபாயும் மாநிலத்தின் கைக்காசு. இத்தனைக்கும் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. 2025இல் 7,783 காலியிடங்களை நிரப்ப அறிவிப்பு வந்தது. அதுவரை ஒருவரே இரண்டு மையங்களுக்குப் பொறுப்பு. இரண்டு மையத்துக்குப் பொறுப்பான டீச்சர் சோறு ஆக்கவைத்துவிடுவார், ஆப்பில் வருகை போட்டுவிடுவார். ஏழு மாதக் குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுவது மட்டும் நின்றுவிடும். அது நின்றால் எந்த அறிக்கையிலும் சிவப்பு விழாது.

அந்த ஏழு மாதக் குழந்தைக்கு அரசு தருவது வீட்டுக்குக் கொண்டுபோகும் சத்துமாவு. கோதுமை, கடலை, முளைகட்டிய கேழ்வரகு, வெல்லம், வைட்டமின் கலவை. ஒரு பகுதியை மகளிர் தொழில் கூட்டுறவுச் சங்கங்கள் அரைக்கின்றன. உணவு விநியோகத்தில் ஒப்பந்தக்காரர்கள் கூடாது என்று 2004 அக்டோபரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாடு முழுக்க அந்த உத்தரவு வளைந்து நெளிந்து போனது தனிக் கதை.

மாவின் கணக்கைப் போடுவோம். 100 கிராமில் 380 கலோரி என்று வைத்தால் 500 கலோரிக்கு 130 கிராம். 25 நாளுக்கு மூணேகால் கிலோ. நாளைக்கு 8 ரூபாய் வீதம் மாதம் 200 ரூபாய். கிலோவுக்கு 60 ரூபாய் சுற்றி வருகிறது. அதற்குள் தானியம், வறுவல், அரைப்பு, வைட்டமின், பாக்கெட், லாரி வாடகை எல்லாம் அடங்க வேண்டும். இந்த விலையில் பால்பவுடரோ வேர்க்கடலையோ கணிசமாகச் சேர்க்க வழியில்லை. மாவு வயிற்றை நிரப்பும், ஆனால் முட்டைக்கும் பாலுக்கும் ஈடாகாது. 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதுமான உணவு கிடைப்பவர்கள் இந்திய அளவில் 11.3 சதவீதம்தான் என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்னது. அங்கே குறை மாவில் மட்டுமில்லை, மாவைத் தவிர வேறொன்றும் கிண்ணத்தில் இல்லாததில்.

ஒரு முரண் கவனிக்க வேண்டியது. தாய்ப்பால் குடிக்கும் 6 முதல் 8 மாதக் குழந்தைக்கு மேலுணவிலிருந்து தேவைப்படுவது நாளைக்குச் சுமார் 200 கலோரி. 9 முதல் 11 மாதத்தில் 300. ஒரு வயதுக்கு மேல் 550. சட்டம் எல்லோருக்கும் ஒரே 500 என்கிறது. காகிதத்தில் சின்னக் குழந்தைக்குத் தேவைக்கு இரண்டு மடங்கு மாவு போகிறது. அப்படியும் அது மெலிகிறது என்றால் கோளாறு பாக்கெட்டின் அளவில் இல்லை. பாக்கெட்டுக்கும் வாய்க்கும் நடுவில் இருக்கிறது.

நடுவில் நடப்பது இரண்டு. ஒன்று, மாவு வீட்டில் எல்லோருக்கும் ஆகிறது. மூத்த பிள்ளைக்கு உருண்டை, மாமியாருக்குக் கஞ்சி, சில வீடுகளில் மாட்டுக்கும். இதற்காகத் தாயைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு வீட்டில் ஒருத்தருக்கு மட்டும் என்று ஒரு பாக்கெட்டைப் பூட்டிவைக்க முடியாது. இரண்டாவது, கஞ்சி நீர்த்துப்போகிறது. ஏழு கிலோக் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது கிலோவுக்கு 30 மில்லி வீதம் 210 மில்லி. ஒரு மேசைக்கரண்டி மாவு, அதாவது 10 கிராம், ஒரு தம்ளர் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் 38 கலோரி. மூணு வேளை கொடுத்தாலும் 114. வயிறு நிறைந்துவிடும், குழந்தை தூங்கிவிடும், தாய்க்கும் திருப்தி. எடை மட்டும் ஏறாது.

அதே தம்ளரில் 25 கிராம் மாவு போட்டால் 95 கலோரி. இறக்கியதும் ஒரு தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ சேர்த்தால் இன்னும் 45. மொத்தம் 140. இரண்டு வேளையில் 280 ஆகிவிடும். பதம் எப்படித் தெரியும்? கரண்டியைச் சாய்த்தால் சொட்டாக ஒழுகக் கூடாது, சரிந்து விழ வேண்டும். கெட்டியாக இருந்தால் குழந்தை துப்புகிறது என்பதுதான் தாய்மார் சொல்லும் தடை, அது உண்மையும்கூட. முளைகட்டிய கேழ்வரகு உதவுவது இங்கேதான். முளைத்த தானியத்தில் மாவுச்சத்தை வெட்டும் நொதி இருக்கிறது. கெட்டிக் கஞ்சியை இறக்கிக் கொஞ்சம் ஆறவிட்டு, கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகமாக இருக்கும்போது அரைத் தேக்கரண்டி முளைகட்டிய கேழ்வரகு மாவைத் தூவிக் கலக்கினால், சில நிமிடத்தில் கஞ்சி இளகிவிடும். பிறகு ஒரு கொதி விட்டு இறக்க வேண்டும், பச்சை மாவு பிள்ளைக்கு ஆகாது. தண்ணீர் சேர்க்காமலே தளர்ந்த கஞ்சி, கலோரி அப்படியே. மாவுக் கலவையில் கேழ்வரகு மால்ட், அதாவது முளைகட்டிய கேழ்வரகு, சேர்ப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. ஆனால் ஆலையில் அதையும் மற்றவற்றோடு சேர்த்து ஓங்கிய சூட்டில் வறுத்தால் நொதி செத்துவிடும். அப்புறம் அது நிறமும் மணமும் உள்ள கேழ்வரகு, அவ்வளவுதான். வீட்டிலேயே ஒரு பிடி கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, நிழலில் உலர்த்தி, வறுக்காமல் அரைத்து வைத்துக்கொள்வது மேல். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க அடுப்பங்கரையில் அரைமணி நேரம் வேண்டும். அந்த அரைமணி நேரத்துக்கு எட்டு ரூபாய்க் கணக்கில் இடமே இல்லை.

இடம் கொடுத்த திட்டம் ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது, பலருக்கு மறந்துபோனது. 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், உலக வங்கிக் கடனில் நடந்தது. எல்லோருக்கும் சோறு என்பது அதன் வழியில்லை. 6 முதல் 36 மாதக் குழந்தைகள் ஒவ்வொன்றையும் மாதாமாதம் நிறுப்பார்கள். ஊட்டம் கெட்ட குழந்தைக்கும், எடை ஏறாமல் நின்றுவிட்ட குழந்தைக்கும் மட்டும் 90 நாள் கூடுதல் உணவு. அரைக் கிலோ ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். ஏறாவிட்டால் சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார்கள். உணவு அங்கே மருந்து மாதிரி, காலக்கெடுவோடு. தாய்க்கு அந்த வரைபடத்தைக் காட்டி, போன மாதக் கோடு இங்கே இந்த மாதக் கோடு இங்கே என்று பேசுவதுதான் முக்கிய வேலை. கடும் ஊட்டக்குறைவு அந்த வட்டாரங்களில் நன்றாகவே குறைந்தது. இரண்டாம் கட்டம் 1997இல் முடிந்து, மையங்கள் பொதுத் திட்டத்தோடு கலந்தன. தேர்ந்தெடுத்து ஊட்டுவதிலும் சங்கடம் உண்டு. உன் பிள்ளைக்கு உண்டு, என் பிள்ளைக்கு இல்லையா என்ற கேள்விக்கு ஊர்த் திண்ணையில் பதில் சொல்வது சுலபமில்லை. எல்லோருக்கும் உரிமை என்ற நிலைதான் சரி, அதைப் பின்னே தள்ளக் கூடாது. ஆனால் உரிமையை வைத்துக்கொண்டு நிறுப்பதையும் பேசுவதையும் விட்டதுதான் நஷ்டம்.

நிறுப்பது இன்றும் நடக்கிறது, அங்கன்வாடிகளுக்கான மத்திய அரசின் போஷன் டிராக்கர் ஆப்புக்காக. 2021 மார்ச்சிலிருந்து எடை, உயரம் எல்லாம் அதில்தான் ஏற வேண்டும். அளவு தப்பும் இடங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். இரண்டு வயதுக்குக் கீழே படுக்கவைத்து அளக்க வேண்டும், மேலே நிற்கவைத்து. இரண்டுக்கும் 0.7 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். படுக்கவைத்து அளக்க இரண்டு ஆள் தேவை, ஒருவர் தலையைப் பலகையில் ஒட்டிப் பிடிக்க, ஒருவர் முட்டியை அமுக்கிப் பாதத்தை நேராக்க. ஆயா சமையலில் இருக்கும் நேரத்தில் டீச்சர் தனியாக அளந்தால் முட்டி மடங்கியிருக்கும், குழந்தை குட்டையாகிவிடும். உச்சிக் குடுமியும் ஒரு சென்டிமீட்டர் திருடும், எதிர்ப்பக்கமாக. ஒரு சென்டிமீட்டர் சின்ன விஷயமா? ஒரு வயது ஆண் குழந்தையின் நடு உயரம் 75.7 சென்டிமீட்டர், குட்டை என்று சொல்லும் கோடு 71.0. நடுவில் இருப்பது ஐந்துக்கும் குறைவான சென்டிமீட்டர். கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள்தான் அதிகம், ஒரு சென்டிமீட்டரில் ஒரு ஊரின் புள்ளிவிவரமே புரண்டுவிடும். எடையில் பெரிய களவு கால்கொலுசும் அரைஞாணும் ஈரத் துணியும். மாதத்துக்கு 200, 300 கிராம் ஏற வேண்டிய வயதில் 150 கிராம் துணியோடு நிறுத்தால் ஏறாத எடையும் ஏறியதாகத் தெரியும்.

இதற்குமேல் 2025 ஜூலை 1 முதல், சத்துமாவு வாங்க முகம் காட்ட வேண்டும். ஆதாரோடு ஒப்பிட்டு, கைபேசிக்கு வரும் ஓடிபி சொல்லி, டீச்சர் போனில் முகம் பொருந்தினால்தான் விநியோகம் பதிவாகும். போலிப் பெயர்களைக் களைவது நோக்கம், அதில் தவறில்லை. தடுக்கி விழுவது வேறு இடத்தில். ஆதாரில் உள்ள எண் கணவனுடையது, அவன் திருப்பூரில் வேலையில். அல்லது ரீசார்ஜ் தீர்ந்து எண் மாறிவிட்டது. கல்யாணத்துக்கு முன் எடுத்த ஆதார்ப் படத்துக்கும் எட்டு மாதக் கர்ப்பிணியின் வீங்கிய முகத்துக்கும் ஆப் ஒப்புக்கொள்வதில்லை. மலைக் கிராமத்தில் சிக்னல் இல்லை. தாய் வேலைக்குப் போய்விட்டு, பாட்டி வந்து நின்றால் முகம் பொருந்தாது. செய்ய வேண்டியது, குழந்தை பிறக்கும் முன்பே, ஏழாம் மாதத்துக்குள், ஆதாரில் தன் கையில் இருக்கும் எண்ணைச் சேர்த்து, படத்தையும் புதுப்பித்துக்கொள்வது. அதுவரை முகம் பொருந்தாவிட்டாலும் உணவு சட்டப்படி உரிமை. 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 4, 5, 6ஆம் பிரிவுகள் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் குழந்தைக்கும் அதைத் தருகின்றன. அதில் முகம் பற்றி ஒரு வரி கிடையாது.

அதே 4ஆம் பிரிவு தாய்க்கு 6,000 ரூபாய்க்குக் குறையாத மகப்பேறு உதவியும் சொல்கிறது. மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டம் அதை முதல் குழந்தைக்கு 5,000 ஆக்கியது. 2022க்குப் பிறகு இரண்டாவது பெண் குழந்தை என்றால் 6,000. இரண்டாவது ஆண் குழந்தை பெற்றவள் சாப்பிட வேண்டாமா என்ற கேள்விக்கு அந்தத் திட்டத்தில் விடையில்லை. தமிழ்நாட்டில் 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என்று ஏறியது. மத்தியப் பங்கும் இதற்குள் அடக்கம். 14,000 பணமாக, 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக. 19 வயது நிறைந்த, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள தாய்க்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு. பணம் முன்பு ஐந்து தவணை, இப்போது மூன்று: கர்ப்பத்தின் நாலாம் மாதம் 6,000, குழந்தைக்கு நாலாம் மாதம் 6,000, ஒன்பதாம் மாதம் 2,000. பெட்டகம் மூன்றாம், ஆறாம் மாதங்களில். நெய், பேரீச்சை, இரும்புச்சத்து மருந்து, சத்துமாவு என்று இருக்கும்.

எல்லாவற்றுக்கும் வாசல் பிக்மி எண், அதாவது கர்ப்பிணி, குழந்தை விவரங்களை ஏற்றும் அரசு இணையப் பதிவின் எண். 12 வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்தால் 12 இலக்க எண் வரும். தவணையும் பெட்டகமும் பிறப்புச் சான்றிதழும் அதை வைத்துத்தான். மூணு மாதம் ஆகட்டும், அப்புறம் சொல்லலாம் என்று மறைத்துவைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. முதல் பெட்டகம் அங்கேயே தள்ளிப்போகிறது. நர்சம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டால் போதும், ஊருக்குத் தெரியாது.

இரண்டாவது பெரிய ஓட்டை தாய்வீடு. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகிறாள், குழந்தைக்கு மூணோ ஐந்தோ மாதம் ஆன பிறகு திரும்புகிறாள். பதிவு இருப்பது கணவன் ஊரில். சத்துமாவு வருவது கணவன் ஊர் மையத்துக்கு. தாய்வீட்டு ஊர் டீச்சரின் பட்டியலில் அவள் பெயர் இல்லை. ஆக, உணவு அதிகம் தேவைப்படும் ஆறேழு மாதம் இரண்டு ஊரிலும் இல்லாமல் போகிறது. நாலாம் மாதத் தவணைக்குக் காட்ட வேண்டிய தடுப்பூசி விவரம் தாய்வீட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடப்பட்டிருக்கும், பிக்மியில் ஏறாமல் அட்டையில் மட்டும் கிடக்கும். தவணை நிற்கும். போகும்போதே கணவன் ஊர் டீச்சரிடம் சொல்லி, ஆப்பில் வேறு மையத்துக்கு மாற்றச் சொல்ல வேண்டும். போன ஊரில் முதல் வாரமே செவிலியரிடம் பிக்மி எண்ணைக் காட்டி, ஒவ்வொரு ஊசியும் அதே எண்ணில் ஏறுகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். புது எண் போட விடக் கூடாது. ஒரு கர்ப்பத்துக்கு இரண்டு எண் விழுந்தால் பணம் எந்த எண்ணிலும் வராமல் மாதக்கணக்கில் தொங்கும்.

பணம் ‘போட்டாச்சு’ என்கிறார்கள், பாஸ்புக்கில் இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு கடைசியாக இணைந்தது என்பது. கொடுத்த பாஸ்புக் எண்ணைப் பார்த்துப் பணம் போவதில்லை, ஆதார் கடைசியாகப் பிடித்த கணக்குக்குப் போகிறது. நூறுநாள் வேலைக்கோ கல்லூரி உதவித்தொகைக்கோ எப்போதோ தொடங்கி மறந்த கணக்கில் ஆறாயிரம் தூங்கிக்கொண்டிருப்பது சகஜம்.

கடும் மெலிவுள்ள குழந்தைக்கு வழி வேறு. புஜச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே, அல்லது உயரத்துக்கேற்ற எடை மிகக் குறைவு, அல்லது இரண்டு பாதத்திலும் அழுத்தினால் குழி விழும் வீக்கம். இதில் ஒன்று இருந்தாலும் சத்துமாவை நம்பி உட்காரக் கூடாது. 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தில், மருத்துவப் பரிசோதனைக்குப் பின் 56 நாள் உடனடி சிகிச்சை உணவு தருகிறார்கள். ஆறு மாதத்துக்குக் கீழுள்ள கடும் குறைவுக் குழந்தை என்றால் தாய்க்குப் பெட்டகம். 2024 நவம்பரில் அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் இரண்டாம் கட்டம் தொடங்கியது. இந்தச் சிகிச்சை உணவு வேர்க்கடலை, பால்பவுடர், எண்ணெய் கலந்த பசை, 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி. தண்ணீர் சேர்க்காமல் அப்படியே ஊட்ட வேண்டும், கூடக் குடிக்கத் தண்ணீர் தர வேண்டும். அண்ணன் அக்காவுக்குப் பங்கு வைத்தால் 56 நாள் கணக்கு வீண். நேரடியாகச் செலவழித்து, குறித்த பிள்ளைக்கு, குறித்த நாள் வரை என்ற வகையில் கொட்டாம்பட்டிக்குப் பிறகு வந்த நல்ல செலவு இது என்பேன். ஆனால் இது விழுந்த பிள்ளையைத் தூக்குவது. விழும் முன் பிடிப்பதற்கான பணம் இன்னும் எட்டு ரூபாய்க்குள்ளேயே அடைபட்டிருக்கிறது.

தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் மெலிவு, அதாவது உயரத்துக்கேற்ற எடை இல்லாமை, 19.7 சதவீதத்திலிருந்து 14.6க்கு இறங்கியது, நாலாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில். குட்டை, அதாவது வயதுக்கேற்ற உயரம் இல்லாமை, 27.1இலிருந்து 25 தான். ரத்தசோகை எதிர்த்திசையில் போனது: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 50.7இலிருந்து 57.4, கர்ப்பிணிகளில் 44.4இலிருந்து 48.3. அரிசியும் மாவும் கூடினால் மெலிவு குறையும், ரத்தம் ஊறாது.

மையமே இல்லாத குடியிருப்புக்கும் வழி இருக்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளாவது இருந்து, அங்கன்வாடி இல்லையென்றால், கேட்ட மூன்று மாதத்துக்குள் அமைக்க வேண்டும் என்று 2006 டிசம்பர் 13இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இருக்கும் மையத்தில் மாவு வரவில்லை என்றால் முதல் மனு வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு, அடுத்தது திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு. ‘சரியாகத் தருவதில்லை’ என்று எழுதினால் ‘தருகிறோம்’ என்று பதில் வரும். மையத்தின் பெயர், குழந்தையின் பிறந்த தேதி, எந்தெந்த மாதம், எத்தனை பாக்கெட் வர வேண்டியது, எத்தனை வந்தது என்று எண்களோடு எழுத வேண்டும். கூடவே 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, அந்த மாதங்களின் இருப்புப் பதிவேட்டு நகலைக் கேட்கலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். பதிவேட்டில் உங்கள் பிள்ளை பெயருக்கு நேரே மாவு வாங்கியதாக இருந்தால், அதை முதல் மனுவோடு இணைத்து மறுபடி கொடுங்கள்.